சந்தனம் வைத்த டிவிடி

புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காவிட்டால் எங்கள் அத்தைக்குத் தூக்கம் வராது. சைக்கிளுக்கு வைப்பார், தையல் மெஷினுக்கு வைப்பார். அப்பா வாங்கி வந்த சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் வைத்ததில், ஒரு வாரம் எங்களுக்குப் பன்னிரண்டு மணியே தெரியாமல் போனது. அத்தை அப்பாவின் அக்கா. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டு, தலை வாரி, திட்டி வளர்த்தவர் அவர்தான். அவரைப் பற்றி இப்படி எழுதுவது நன்றிகெட்ட வேலை என்று தெரியும். ஆனாலும் அந்த டிவிடியின் கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அம்மா போய் நான்காவது வருஷம். அம்மா அனுப்பிய காசில்தான் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு மேலே, தேயிலை மலையின் ஓரத்தில் எங்களுக்கென்று ஒரு தனி வீடு எழும்பியது. இரண்டு அறை, ஒரு குசினி, சிவப்புப் பூசிய சீமெந்துத் தரை. அது அம்மா பார்க்காத வீடு. வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவின் போனுக்கு அழைத்து, ஜன்னல் எந்தப் பக்கம், கதவுக்கு என்ன கலர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பால் காய்ச்ச நாள் குறித்ததும் அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை.

“எல்லாத்தையும் வீடியோ புடிச்சு அனுப்புங்க. இங்க கம்ப்யூட்டரத் தொட விடமாட்டாங்க. மேடம் குடுத்த பழைய டிவிடி பிளேயர் ஒன்னு என் ரூம்ல இருக்கு. அதுல போட்டுப் பாக்குற மாதிரி இருக்கணும்” என்றார்.

அந்தப் பொறுப்பு சின்ன மாமாவிடம் போனது. மாமா அம்மாவின் தம்பி. பதுளை பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தார். எங்கள் தோட்டத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட ஆள் அவர் ஒருவர்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி. அவர் கடை முதலாளியிடம் கமெரா இரவல் வாங்கி வந்து, பால் பொங்கியதிலிருந்து பந்தி முடிகிறவரை நடந்தும் உட்கார்ந்தும் படம் பிடித்தார்.

கொண்டுபோவதற்கும் ஆள் இருந்தது. மேல் லயத்து அக்கா ஒருவர் லீவில் வந்திருந்தார். அம்மா வேலை செய்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவருக்கும் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் அவர் கொழும்புக்குக் கிளம்ப வேண்டும். அவரை விட்டால் அந்தப் பக்கம் போகிற ஆள் எப்போது கிடைப்பார் என்று யாருக்கும் தெரியாது.

மாமா முதலில் கொண்டுவந்த டிவிடி எங்கள் வீட்டு பிளேயரில் ஓடவே இல்லை. கமெராவில் இருந்ததை அப்படியே டிஸ்க்கில் ஏற்றிவிட்டாராம். “கம்ப்யூட்டருக்கு விளங்குற பாஷை வேற, பிளேயருக்கு விளங்குற பாஷை வேற. மாத்தித்தான் ஏத்தணும்” என்று எங்கள் மேல் குற்றம்போல் சொன்னார். மாற்றுகிற வேலைக்குச் சனிக்கிழமை முழுவதும் வேண்டும் என்றார். நான் அடம்பிடித்து அவரோடு பஸ் ஏறினேன்.

அன்று கடையில் நான் பார்த்ததெல்லாம் எனக்கு அதிசயம். மாமா படத்தை இங்கே வெட்டினார், அங்கே ஒட்டினார். தொடக்கத்தில் ஒரு ரோஜாப்பூ விரிந்து, அதற்குள்ளிருந்து எங்கள் வீடு வந்தது. ஒவ்வொரு சொந்தக்காரர் வரும்போதும் திரை சுழன்றது. வேண்டாத துண்டுகளையெல்லாம் “வேஸ்ட்” என்று சொல்லித் தூக்கினார். அதில் பெரிய வேஸ்ட் குசினியில் எடுத்தது. மாமா கமெராவைத் தட்டு அடுக்கும் ராக்கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், நிறுத்த மறந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கமெரா தன்பாட்டில் எங்கள் குசினியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

திரையில் நான் வந்தேன். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். பாயாசப் பானையின் மூடியைத் திறந்து, கரண்டியால் முந்திரிக் கஜுவாகப் பொறுக்கிக் கவுன் பாக்கெட்டில் போட்டேன். பார்த்துவிட்ட தம்பிக்கு வாயை மூடுவதற்காக இரண்டு கொடுத்தேன். பந்தியில் பாயாசத்தில் கஜுவே இல்லையென்று அத்தை தலையில் அடித்துக்கொண்டதும், பழி பூனை மேல் விழுந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “பூனைக்கு ரெட்டைச் சடையாடி?” என்றார். பிறகு, “சரி, பயப்படாத. இது யாருக்கு வேணும்?” என்று அந்த முக்கால் மணி நேரத்தையும் வெட்டி எறிந்தார். அந்த நிமிஷம் உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஆள் சின்ன மாமாதான்.

சாயங்காலம் டிவிடி வீட்டில் ஓடியது. ரோஜா விரிந்தது, திரை சுழன்றது. அப்பா டிவிக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு பார்த்தார். மறுநாள் ஞாயிறு, பஜாரில் சனம் கூடுகிற நாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் மாமா கடைக்குப் போய்விட்டார்.

காலை ஒன்பது மணிக்கு மேல் லயத்து அக்கா பார்சல் வாங்க வந்தார். “ஒருக்கா போட்டுக் காட்டுங்களேன், நானும் பாத்துட்டுப் போறேன்” என்றார். அப்பா டிவிடியை உள்ளே தள்ளினார். பிளேயர் கர்கர் என்று முனகிவிட்டு டிஸ்க் இல்லை என்று காட்டியது. எடுத்துப் பார்த்தால், பளபளக்கும் பக்கத்தில் மூன்று இடத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்தும் இருந்தது.

“யாரு இந்த வேலையப் பாத்தது?” என்றார் அப்பா.

அத்தை தயங்கவே இல்லை. “நான்தான் வச்சேன். கடல் தாண்டிப் போற சாமான், வெறும் நெத்தியோடவா அனுப்புறது?”

“வைக்கிறதுதான் வச்சீங்க, எழுதுன பக்கம் வைக்கக் கூடாதா?”

“அது முதுகுப் பக்கம். பளபளன்னு இருக்கிறதுதானே மூஞ்சி? பொட்ட மூஞ்சில வைக்காம முதுகுலயா வைப்பாங்க?”

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் அத்தை டிஸ்க்கைச் சத்தமில்லாமல் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குக் கொண்டுபோனார். குத்துவிளக்கு விளக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். பொட்டு போயிருந்தது. கூடவே வீடும் பாலும் பந்தியும் போயிருந்தன. பிறகுதான் அத்தைக்கு நடந்தது விளங்கியது. “அய்யோ, அவ பாக்கணும்னு வாய் விட்டுக் கேட்டாளே” என்று படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார். அத்தை அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதைப் பார்த்துத் தம்பியும் அழுதான்.

அக்கா, “அழாதீங்க, அஞ்சரைக்குத்தான் நான் ஸ்டேசனுக்கு வருவேன். அதுக்குள்ள கொண்டாந்து குடுங்க” என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனார். மாமாவிடம் அப்போது போன் கிடையாது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கடை எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

அன்றைக்கென்று பஸ்ஸும் சுணங்கியது. நாங்கள் கடைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மாமா டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மச்சான், இது என்னா, தோசைக்கல்லா?” என்றார். பிறகு அவர் முகம் மாறியது. வெட்டி ஒட்டிய படத்தை, இடம் போதவில்லை என்று நேற்றே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டாராம். கமெராவில் எடுத்தது மட்டும்தான் இருந்தது. மறுபடி வெட்டி ஒட்ட நேரம் இல்லை. பிளேயர் பாஷைக்கு மாற்றவே நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

மாமா எல்லாவற்றையும் மாற்றக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றார். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. நூற்றுக்குப் பத்து, நூற்றுக்குப் பதினொன்று. அப்பா கடைவாசலுக்கும் கோட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். தேத்தண்ணி வாங்கி ஆறவிட்டு, குடிக்காமல் விட்டார். கரண்ட் மட்டும் போகக் கூடாது என்று நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டேன். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “நானும் துஆ கேக்குறேன் புள்ள” என்றார். இரண்டு பக்கமும் கேட்டதாலோ என்னவோ, கரண்ட் போகவில்லை.

மாற்றி முடிய ஐந்து அடித்தது. டிஸ்க்கில் ஏற்ற இன்னும் இருபது நிமிஷம். டிஸ்க் வெளியே வந்ததும் மாமா அதை எடுத்து உறையில் போட்டு என் கையில் தந்தார். அப்போதுதான் சுட்ட ரொட்டிபோல் இளஞ்சூடாக இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். அப்பா முன்னால், மாமா பின்னால், நான் நடுவில். ரயில் நின்றுகொண்டிருந்தது. அக்கா ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் கொடுத்த பிறகுதான் அப்பா மூச்சு விட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. அத்தனை சந்தோஷமாக நான் அப்பாவைப் பார்த்தது குறைவு.

பஸ் ஸ்டாண்டில் வடை தின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

“மாமா, அந்தக் குசினி வேஸ்ட்ட வெட்டிட்டீங்கதானே?”

“எங்கடி வெட்ட நேரம்? எல்லாந்தான் போயிருக்கு. கஜுவும் போயிருக்கு.”

அதற்குமேல் வடை எனக்கு இறங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை அம்மா பேசினார். வீடு ராசாவூடு மாதிரி இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். அத்தையிடம் பேசி, அத்தையைச் சிரிக்க வைத்தார். பிறகு போன் என்னிடம் வந்தது.

“குசினியில வேலையா நின்னப்ப ஒரு பாட்டு படிச்சியே, அது என்னா பாட்டு? சத்தம் சரியா கேக்கல.”

என்ன வேலை என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, “தம்பி இன்னமும் இடது கையத்தான் நீட்டுறானா?” என்றார். அவன் இடது கையை நீட்டியது கஜு வாங்க. அதற்கடுத்த வாரம், கவுன் முழங்காலுக்கு மேலே போய்விட்டதே, எப்போதிலிருந்து என்றார். பிறகொரு வாரம், அத்தை திட்டிவிட்டுப் போனதும் நீங்கள் இருவரும் கதவு மறைவில் எதற்குச் சிரித்தீர்கள் என்றார். பால் பொங்கியதைப் பற்றியோ பந்தியைப் பற்றியோ என்னிடம் ஒரு கேள்வி இல்லை. எல்லாம் குசினிதான். திருடியைப் பிடித்துவிட்டு, அவளே ஒத்துக்கொள்ளட்டும் என்று அம்மா சுற்றி வளைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். வியாழக்கிழமைகளில் தம்பியை உட்கார வைத்து என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினேன்.

கடைசியில் மாமாவின் காலைச் சுற்றி, கெஞ்சி, இன்னொரு டிவிடி செய்ய வைத்தேன். மாமாவுக்கும் தன் ரோஜாப்பூ போகாததில் குறை இருந்தது. இந்த முறை இன்னும் அழகாகச் செய்தார், குசினியை அடியோடு வெட்டினார். அத்தை அதற்கும் பொட்டு வைத்தார், ஆனால் உறையின் மேல். பண்டாரவளைப் பக்கத்தில் குவைத்துக்குப் போகிற ஒருவர் கிடைக்க இரண்டு மாதம் ஆனது.

அது கிடைத்த வெள்ளிக்கிழமை அம்மா, “உன் மாமா நல்லா செஞ்சிருக்கான். பூவெல்லாம் விரியுது” என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

“அப்ப அந்தப் பழைய டிஸ்க்க தூக்கிப் போட்டுருங்கம்மா. அதுல பூரா வேஸ்ட்டு” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன். பிறகு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விளையாட ஓடினேன்.