எட்டாவது நிமிடம்

லெஸ் டன்மோர் தன் வாழ்நாளில் மூன்று பேருடைய எலும்பை உடைத்திருக்கிறார். முதலாவது, பட்டாளத்தில் அவருடைய அம்மாவைப் பற்றித் தப்பாகப் பேசிய சமையல்காரனின் தாடை. இரண்டாவது, டேகன்ஹாமில் மதுக்கடை வாசலில் எவனோ ஒருவனின் மூக்கு. அது எதற்காக என்று அவருக்கே மறந்துவிட்டது. மூன்றாவது, பார்சல் கொண்டுவரும் டேரனின் விரல்கள். அதற்குக் காரணம் மறக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு வால் கோட்டும் வெள்ளை டையும் மாட்டி, பொன் முலாம் பதக்கம் ஒன்றைத் தொங்கவிட்டு, லண்டன் பார்லிமென்டின் பிரபுக்கள் சபையில் வாசற்காவலராக நிறுத்தியிருந்தார்கள். பட்டாளத்திலிருந்து வெளியே வருபவர்களை அங்கே விரும்பி எடுப்பார்கள். எண்பது வயதுப் பிரபுக்களுக்குக் கதவு திறந்துவிட வேண்டும். விவாதத்தின் நடுவே குறட்டை விடுகிறவரைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்க வேண்டும். எந்தச் சட்டத்தைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. ஆனால் ஓட்டெடுப்பு மணி அடித்துவிட்டால், அந்தக் கட்டடத்தில் வாசற்காவலரைவிடப் பெரிய பிரபு கிடையாது. மணி அடித்து எட்டாவது நிமிடம், கதவை மூடச் சொல்லிக் குரல் வரும். வந்த நொடியே சாத்திப் பூட்ட வேண்டும். உள்ளே இருப்பவருக்கு ஓட்டு உண்டு, வெளியே இருப்பவருக்கு இல்லை. பதினொரு வருடத்தில் லெஸ் ஒரு மந்திரியையும் இரண்டு பிஷப்புகளையும் வெளியே நிறுத்தியிருக்கிறார். அதில் ஒரு பிஷப் அன்றைக்குச் சொன்ன வார்த்தை பைபிளில் தேடினாலும் கிடைக்காது. அந்தக் கதையை அவருடைய மகள் கிம்பர்லி திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பாள்.

கிம்பர்லிக்குப் பத்தொன்பது வயது. வீட்டுக்கு அடுத்த தெருவில் மீன் வறுவல் கடையில் வேலை பார்த்தாள். ஒரு வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு, வரிசையில் நின்றவர்களைத் தள்ளிவிட்டு வம்பு செய்த ஒருவனை வெளியே போகச் சொன்னாள். போனான். அரை மணி நேரத்தில் முழங்கை நீள வெட்டுக்கத்தியோடு திரும்பி வந்து மேடையைத் தாண்டிக் குதித்தான். ஒன்பது வெட்டு. முதல் மூன்றும் அவள் தடுப்பதற்காகத் தூக்கிய கைகளில் விழுந்தன. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. அதில் வழுக்கி விழுந்தவளை அவன் விடவில்லை. பிணவறையில் லெஸ் துணியை விலக்கியபோது இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மற்றதை அவர் மனைவி லினெட்டிடம்கூடச் சொல்லவில்லை.

கொன்றவனுக்குப் பதினேழு வயது. கத்தியை இணையத்தில் வாங்கியிருந்தான். வாங்குகிறவன் வயதைப் பார்த்துத்தான் கையில் கொடுக்க வேண்டும் என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். டேரன் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்சலை வாசலில் வைத்து, கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வழக்கு முடிந்த வாரம் லெஸ் டேரன் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஒரு நாளைக்கு நூத்தி எண்பது பார்சலுங்க. நின்னு நின்னு கேட்டா சீட்டக் கிழிச்சிருவாங்க. நான் என் வேலையத்தான் செஞ்சேன்" என்றான் டேரன்.

அந்த வார்த்தைதான் லெஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து, இரண்டு விரல்களைக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்து, கதவை இழுத்து மூடினார். அவன் அலறினான். திறந்து, மறுபடி மூடினார். டேரன் போலீசுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது அவனுக்கும் அவன் மனசாட்சிக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து லினெட்டிடம் சொன்னார்.

"நல்லா மூடினியா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவ."

அவள் டீ போட எழுந்து போனாள்.

இரண்டு வருடம் கழித்து, கத்தி விற்பனை பற்றிய ஒரு சட்டம் பிரபுக்கள் சபைக்கு வந்தது. அதில் ஒரு திருத்தம். வயது பார்க்காமல் கத்தியை வாசலில் போட்டுவிட்டுப் போனால், வண்டி ஓட்டுகிறவன் அல்ல, பார்சல் கம்பெனி முதலாளி சிறைக்குப் போக வேண்டும். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. வியாபாரம் கெடும், கூரியர் துறை முடங்கும் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். பின்னால் நின்றுகொண்டிருந்த லெஸ், அவருடைய கழுத்தின் சிவந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அரித்தது. அந்தப் பிரபு வெளியே போக வந்தபோது லெஸ் குனிந்து கதவைத் திறந்துவிட்டார்.

டிரெவாஸ்கிஸ் பிரபு மட்டும் வேறு ரகம். வயது எண்பத்தொன்று, ஊர் கார்ன்வால். இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து ஊன்றுகோல். கிம்பர்லியை அடக்கம் செய்தபோது கொட்டுகிற மழையில் கடைசிவரை நின்றவர்.

"லெஸ், நீ எதுவும் கேக்க வேண்டாம். கேக்கவும் கூடாது. புதன்கிழமை ஓட்டுக்கு நான் இருப்பேன். இந்தக் கால் கழண்டு விழுந்தாலும் ஒத்தக் கால்ல வருவேன்" என்றார்.

"முன்கூட்டியே கெளம்பிருங்க ஐயா. உங்க ஊர் ரயில நம்ப முடியாது" என்றார் லெஸ்.

புதன்கிழமை காலை தலைமை வாசற்காவலர் ஸ்டுவர்ட் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னிக்கு நீ கீழ கோட்டு மாட்டற அறையில நின்னுக்கோ. உன் கதவுக்கு வேற ஆள் போடறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்கே தெரியும்."

"பதினோரு வருஷத்துல என் கதவு ஒரு நொடி முன்ன பின்ன ஆனதில்ல. இன்னிக்கு மட்டும் நான் ஏமாத்திருவேன்னு நெனைக்கிறியா?"

ஸ்டுவர்ட் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த வீம்புதான் லெஸ்ஸைக் கெடுத்தது. கோட்டு அறைக்குப் போயிருக்கலாம்.

மாலை ஐந்தே காலுக்கு மணி அடித்தது. திருத்தத்தை ஏற்பவர்கள் அரியணைப் பக்கத்துப் பாதையில் போக வேண்டும், ஏற்காதவர்கள் எதிர்ப்பக்கம். ஏற்பவர்களின் கதவு லெஸ்ஸுடையது. கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். மனசுக்குள் எண்ணினார். டிரெவாஸ்கிஸ் வரவில்லை. ஆறு நிமிடம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. அப்போது வெளி அறையின் அந்தக் கோடியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கோட்டின் பொத்தான் திறந்து கிடக்க, முகம் வெளுத்து, காலை இழுத்துக்கொண்டு கிழவர் ஓடி வந்தார். எண்பத்தொரு வயது மனிதர் ஓடுவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருபது அடி, பத்து அடி, நாலடி. லெஸ்ஸைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது குரல் வந்தது.

லெஸ்ஸின் கை கதவைச் சாத்தியது. அவர் சாத்தவில்லை, கைதான் சாத்தியது என்று பிற்பாடு நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பூட்டையும் திருப்பியது அந்தக் கைதான்.

மறுபக்கம் ஒரு உடம்பு வந்து மோதிய சத்தம் கேட்டது. பிறகு ஊன்றுகோல் கதவை அடித்தது. ஒரு அடி, இரண்டு அடி, பத்து அடி. மரம் அதிர்வதை லெஸ் முதுகில் உணர்ந்தார். "லெஸ்! டேய், நான்டா!" என்றார் கிழவர். அதற்கு மேல் மூச்சு இல்லை. ஊன்றுகோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

எண்ணிக்கை படித்தார்கள். ஏற்பவர்கள் நூற்று எண்பத்தேழு. ஏற்காதவர்கள் நூற்று எண்பத்தேழு. அந்தச் சபையில் ஓட்டுச் சமமாகிவிட்டால், தலைமையில் இருப்பவர் கூடுதலாக ஒரு ஓட்டுப் போட்டுத் தீர்த்துவைக்க முடியாது. ஏற்பவர்கள் ஒருவராவது கூடுதலாக இருந்தால்தான் சட்டம் மாறும். திருத்தம் தோற்றது. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அது ஏதோ மீன்பிடிப் படகுகள் பற்றியது.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஒருவன் லெஸ்ஸின் தோளில் இடித்தான். லெஸ் அவன் சட்டையைப் பிடித்துக் கதவோடு வைத்து அழுத்தினார். அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அடிக்க வேண்டிய ஆள் அவனில்லை.

ஜூன் மாத வெயில் இன்னும் சமையலறையில் கிடந்தது. லினெட் எல்லாவற்றையும் ஃபோனில் பார்த்திருந்தாள். கையில் குவளை.

"சமம். ஒரே ஒரு ஓட்டு, லெஸ். எந்தப் படுபாவி வராம போனான்?"

பேசாமல் இருந்திருக்கலாம். அவர் பேசாமல் இருக்கப் பழகியவர்தான்.

"டிரெவாஸ்கிஸ் வந்தாரு" என்றார்.

"வந்தாரா? அப்புறம் எப்படி?"

"நாலடி தூரத்துல வந்துட்டாரு. குரல் வந்துச்சு. மூடிட்டேன்."

குவளை அவர் நெற்றியில் உடைந்தது. சூடான டீயும் ரத்தமும் வெள்ளைச் சட்டையில் வழிந்தன. அவள் வந்து இரண்டு கையாலும் அடித்தாள், முகத்தில், கழுத்தில், மார்பில். லெஸ் கையைத் தூக்கவில்லை.

"நாலடி. ஒரு மூச்சு விட்டிருந்தா வந்திருப்பாரு. உன் மகளுக்காக ஒரு மூச்சு விட மாட்டியா நீ?"

"நான் என் வேலையத்தான் செஞ்சேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

லெஸ் முன் வாசலுக்குப் போனார். கதவைத் திறந்து, இடது கையின் இரண்டு விரல்களைக் கீல் பக்கத்து இடுக்கில் வைத்தார். தெருவில் யாரோ நாயை நடத்திக்கொண்டு போனார்கள்.

"மூடு" என்றார்.

லினெட் அவர் பின்னால் வாசலுக்கு வந்தாள். கதவை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடாமல், இழுத்து மூடினாள். எலும்பு முறிந்தது இருவருக்கும் கேட்டது.

"இன்னொரு தடவ" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தடவை கதவை லெஸ் தானே இழுத்துக்கொண்டார்.