ஒன்பதாவது லிங்கம்

கீழ்பென்னாத்தூரை விட்டு நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு போர்வை. மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை உடைக்கும் மில்லில் நான்கு மாதம் இருந்தேன். யாரும் திட்டவில்லை, போகவும் சொல்லவில்லை. தூசியில் இருமல் நிற்கவில்லை என்பது ஒரு காரணம். நான்கு மாதத்துக்கு மேல் எந்த ஊரிலும் எனக்கு உட்காரத் தெரியாது என்பது இன்னொன்று. பஸ்கள் கடந்து போயின. கை காட்டவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு லாரியைப் பிடித்து பெங்களூர்ப் பக்கம் போய்விடலாம் என்று நடந்துகொண்டே முடிவு செய்தேன்.

திருவண்ணாமலைக்குள் நுழையும்போது மதியம் தாண்டிவிட்டது. செங்கம் ரோட்டில் ஓரிடத்தில் சாதுக்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் நின்று சாப்பிட்டேன். சற்றுத் தள்ளி ஒரு தெருமுனையில் இடுப்பளவுக்கு ஒரு கருங்கல் நின்றது. மஞ்சள் துணி, விபூதி, குங்குமம், மேலே எண்ணெய், கீழே கற்பூரம் எரிந்த கரி. மலை சுற்றும் பாதையில் லிங்கம் எட்டு என்று எனக்குத் தெரியும். இது எதில் சேர்த்தி என்று கேட்கத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு விபூதியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

"அது சாமி இல்லப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, கையில் வாளியுடன் நின்றிருந்தார். "எங்க அண்ணன்."

அவருடைய அண்ணன் அந்தத் தெருவில் பிறந்தவர். நட்சத்திர வெளிச்சத்தை அளக்கும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த காலத்தில், கண்ணாடியைத் தன் கையாலேயே தேய்த்து இங்கேயே செய்து காட்டியவர். பிறந்த வீடு இப்போது லாட்ஜ். தங்கை ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, தெருமுனையில் இந்தக் கல்லை வைக்க அனுமதி வாங்கியிருக்கிறார். அண்ணன் தேய்த்த கண்ணாடியைத் தாங்கியில் நிறுத்தினாற்போல் செதுக்கச் சொன்னார். செதுக்கியவர் கோயில் வேலை செய்கிறவர். கண்ணாடியும் அகலமான தாங்கியும் அவர் கையில் லிங்கமும் ஆவுடையுமாகத்தான் வந்தன. நட்ட பத்தாம் நாள் யாரோ விபூதி பூசிவிட்டார்கள்.

மறுநாள் பௌர்ணமி. கூட்டம் வருவதற்கு முன்னால், ரோட்டோரத்தில் புதிதாக முளைத்த கோயில்களை அகற்றக் காலையில் ஆள் வரும். அந்தப் பட்டியலில் இந்தக் கல்லும் ஏறியிருந்தது. நினைவுக்கல்லாகத் தெரிந்தால் நிற்கும், கோயிலாகத் தெரிந்தால் ஜேசிபி.

"இதுவும் போச்சுன்னா, அவரு இந்த ஊர்ல பொறந்தாருன்னு சொல்ல ஒண்ணுமே இல்லப்பா" என்றார்.

மூட்டு வலியால் அவரால் குனிய முடியவில்லை. வாளியை வாங்கிக்கொண்டேன். லாரி எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். சுடுதண்ணீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தேன். எழுத்துகளின் பள்ளத்தில் எண்ணெய் இறுகிக் கிடந்தது. துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாகக் கிளறினேன். ஏழாவதோடு நின்றவன் நான், வாசிக்க நேரம் பிடிக்கும். அன்று எழுத்து எழுத்தாக வெளியே வந்ததால் சிரமமில்லை. முதலில் அவர் பெயர் வந்தது, பிறகு தெருவின் பெயர், கடைசியாக 'கருவிகளைத் தம் கையால் வடித்தவர்' என்று ஒரு வரி.

நிமிர்ந்தபோது பின்னால் ஆறேழு பேர் கைகூப்பி நின்றார்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் இந்த ஊரில் அது அபிஷேகம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெண் பால் பாக்கெட்டை நீட்டினார்.

"இத்தையும் ஊத்திடுங்க சாமி."

அந்த அம்மா முன்னால் வந்து விளக்கினார். இது தன் அண்ணனுக்கு வைத்த கல், அவர் விஞ்ஞானி, கும்பிடாதீர்கள் என்றார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

"நட்சத்திரத்த அளந்தாரா?" என்றார் கற்பூரத்தோடு நின்றவர். "அப்ப சித்தருதாம்மா. ஆரு இல்லன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கற்பூரக்காரர் ஏற்றக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்று முகம் சுளித்தார். நான் கழற்றிப் போட்ட செருப்பு கல்லை ஒட்டிக் கிடந்தது.

"ஆர்துப்பா இது, சாமி எதிர்ல?"

எடுக்கக் கை நீட்டினேன். எடுக்கவில்லை.

"என்துதாங்க. அது இங்கதான் கெடக்கும்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கற்பூரத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள். பால் பாக்கெட்டும் போய்விட்டது.

மலை சுற்றுகிறவர்கள் செருப்பில்லாமல்தான் நடப்பார்கள். பௌர்ணமிக்கு ஊரெங்கும் செருப்பு பார்த்துக்கொள்ள ஆள் உட்கார்ந்திருக்கும். இங்கேயும் ஒருவன் உட்கார்ந்தால் யாரும் கற்பூரம் ஏற்றமாட்டார்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க அண்ணன் பக்கத்துல ஊரான் செருப்பா?"

"கல்லுல அவரு பேரு மறையாம தெரியும்ல?" என்றேன்.

வாளியை எடுத்துக்கொண்டு எதிரில் இருந்த தன் வீட்டுக்குள் போனார். போனவர் வரமாட்டார் என்று நினைத்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். லாரிகள் செங்கம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அப்போது அவர் ஒரு பழைய சாக்கோடும் தன் செருப்போடும் வந்தார். செருப்பைக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"கல்லு மேல படாம பாத்துக்கோ" என்றார்.

அன்று அவர் வீட்டு வராந்தாவில் படுத்தேன். விடிந்ததும் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்துக்கு முன்பே மலை சுற்ற வந்த சிலர் செருப்பை விட்டுப் போனார்கள். பட்டியலோடு வந்தவர் கல்லில் இருந்த பெயரை வாய்விட்டு வாசித்தார். சுற்றியிருந்த செருப்புகளைப் பார்த்தார். பட்டியலில் இந்தக் கல் இருந்த வரியை அடித்தார். நாளைக்கு இந்தச் சாக்கு இங்கே இருக்கக் கூடாது என்றார். சரிங்க என்றேன். கிளம்பச் சொன்னால் சரி சொல்வதில் எனக்கு எப்போதும் கஷ்டமில்லை. அந்த அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் வெயில் ஏறியிருந்தது. ஒவ்வொரு ஜோடியின் அடியிலும் சாக்பீஸால் எண் போட்டு அடுக்கினேன். ஒரு பெரியவர் கையில் கற்பூரத்தோடு வந்து கல்லைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றி நீட்டினார். இருபத்து மூன்று என்று எழுதினேன்.