இன்னொரு தடவை குதிக்கச் சொன்னவள்

வால்போர்க் டிரான்பெர்குக்கு நீச்சல் தெரியாது. நீபோர்க் துறைமுகத்தில், ரயில் பெட்டிகளை ஏற்றிப் போகும் கப்பலில் வேலை பார்த்தவரின் மகள் அவள். கடலைப் பார்த்தபடியே வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. ஆனாலும் டென்மார்க்கில் ஐந்தாறு நீச்சல் சங்கங்கள் அவளைக் கௌரவ உறுப்பினராக வைத்திருந்தன. ஓடென்சேயில் பெண்கள் நீச்சல் போட்டியைத் தொடங்கி வைக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். போனாள், கொடியசைத்தாள், சிரித்தாள். வீடு திரும்பியதும் கட்டிலில் குப்புற விழுந்து கிடந்தாள்.

எல்லாம் ஒரு படத்தில் வந்த ஒரு குதியால்.

பதினெட்டு வயதில் கோபன்ஹேகனுக்கு வந்து தொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள் வால்போர்க். மனைவிக்குத் தொப்பி வாங்க வந்த லாவ்ரிட்ஸ் என்கிற பட இயக்குநர், தொப்பியை விட்டுவிட்டு அதை எடுத்துக் கொடுத்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையாமலே துக்கம் சொல்லும் முகம் என்றார். அப்போது பேசாப் படங்களின் காலம், முகம்தான் மூலதனம். இரண்டு வருடம் பணிப்பெண்ணாகவும் பிணமாகவும் நடித்தபின், 1912-இல் அவளுக்குக் கதாநாயகி வேடம் கிடைத்தது. மாலுமி ஒருவரின் மகளைக் கடத்திவிடுகிறார்கள்; அவள் பாய்மரத்தின் மீது ஏறி, அங்கிருந்து துறைமுகத் தண்ணீரில் குதித்துத் தப்பிக்க வேண்டும்.

குதிப்பதற்கு மெட்டா கிராவ்ஸன் வந்தாள். அமாகர் கரையில் இருந்த கடல் குளியல் கூடத்தில் சிறுமிகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவள். வால்போர்க்கின் வயதுதான், அவள் உயரம்தான். இருவரும் ஒரே மாதிரி உடை போட்டுக்கொண்டு கரையில் நின்றபோது, லாவ்ரிட்ஸே ஒருமுறை பெயர் மாற்றிக் கூப்பிட்டார்.

ஏப்ரல் மாதம். தண்ணீரைத் தொட்டாலே விரல் விறைத்துப்போகும். மெட்டா பாய்மரத்தில் ஏறினாள், சிலுவைக் குறி போட்டுக்கொள்வதற்குப் பதிலாக மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டாள், குதித்தாள். கரையில் நின்ற கூலியாட்கள் கைதட்டினார்கள். லாவ்ரிட்ஸ் திருப்தியாகத் தலையாட்டினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற வால்போர்க்குக்குத்தான் ஏதோ பொறுக்கவில்லை. அந்தக் கைதட்டலாகவும் இருக்கலாம்.

"காலு ரெண்டும் விரிஞ்சு போச்சு. பாக்குறவங்க அது நான்னுதானே நெனைப்பாங்க? இன்னொரு தடவை எடுங்க" என்றாள்.

லாவ்ரிட்ஸ் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை. பல் கிடுகிடுக்க நின்ற மெட்டாவிடம் கேட்டார்கள். "அவங்க ஆசைப்பட்டா குதிக்கிறேன், அதுக்கென்ன" என்றாள் மெட்டா.

இதற்குள் கீழே நின்றிருந்த சிறு படகு ஒன்று காற்றில் நகர்ந்து வந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மறுபடி ஏறிக் குதித்த மெட்டாவின் இடுப்பு படகின் விளிம்பில் மோதிய சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு வண்டி போனபின், வால்போர்க்கின் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அவள் ஏணியில் ஏறிக் கரை சேர்வதைப் படமாக்கினார்கள். வெளிச்சம் போய்விடும் என்று அவசரம். அவளும் ஏறினாள்.

மூன்றாம் நாள், வெண்ணெய் ரொட்டிப் பலகாரம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். கதவுக் கண்ணாடி வழியே மெட்டா தெரிந்தாள். கால் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் வால்போர்க்கால் தாங்க முடியவில்லை. பெட்டியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, பெயர் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

படம் வெளியான அன்று அரங்கில் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் வந்தது முதல் குதி. இரண்டாவதை வெட்டி எறிந்திருந்தார்கள். இரண்டு காலும் ஒட்டி, எய்த அம்பு மாதிரி நேராக இறங்கினாள் மெட்டா. எங்கேயும் விரியவில்லை. ஒரு குறையும் இல்லை.

மறுநாள் பத்திரிகைகள் வால்போர்க்கின் துணிச்சலை எழுதித் தள்ளின. ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும் என்றார்கள் படக்காரர்கள். அவளும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். படம் பெர்லினுக்குப் போனது, ரஷ்யாவுக்குப் போனது. பள்ளிக்கூடப் பெண்கள் கடிதம் எழுதினார்கள்: உங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தண்ணீர்ப் பயம் போனது. ஒவ்வொரு கடிதத்துக்கும் கையெழுத்துப் போட்ட படம் அனுப்பினாள். ஒரு பொறியாளர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். குதித்த பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார். தேனிலவுக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது தலைவலி என்றாள். அடுத்த கோடையில் ஜலதோஷம். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஆறு வருடத்தில் பிரிந்தார்கள்.

பேசும் படம் வந்ததும் வால்போர்க்கின் நாட்கள் முடிந்தன. நீபோர்க் இருக்கிற ஃபூன் தீவுக்காரர்களின் ராகம் இழுக்கிற பேச்சு அவளுக்கு. "முகம் சீமாட்டி மாதிரி இருக்கு, வாயத் தொறந்தா மீன் விக்கிற மாதிரி இருக்கு" என்றார் ஒலிப்பதிவுக்காரர். அவள் கோபப்படவில்லை. சமையல்காரி, சிடுமூஞ்சி மாமியார், வாடகை வீட்டுக்காரி என்று கிடைத்ததை நடித்தாள். நன்றாகவே நடித்தாள்.

1936-இல் பழைய படங்களைப் பற்றிப் பேச வானொலியில் கூப்பிட்டார்கள். பேட்டி எடுத்தவர் அந்தக் குதியைப் பற்றிக் கேட்டபோது, இருபத்து நான்கு வருடம் மென்று விழுங்கியது வெளியே வந்தது. "அது நான் இல்லை. மெட்டா கிராவ்ஸன் என்கிற பெண். அதில் அவளுக்கு இடுப்பு உடைந்தது" என்றாள்.

பழி வரும் என்று காத்திருந்தாள். பாராட்டுதான் வந்தது. எத்தனை பேருக்கு வரும் இந்த நேர்மை என்று பத்திரிகைகள் எழுதின. ரொட்டிக் கடைக்காரி கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வால்போர்க்குக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

பிறகு ஒரு தபால் அட்டை வந்தது. அமாகர் முகவரி. "ஞாயிறு மூன்று மணிக்குக் காபி. மெட்டா."

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் கைத்தடி ஊன்றியிருந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். எரிவாயுத் தொழிற்சாலையில் வேலை செய்த கணவர் ஓவே, வணக்கம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் சீட்டாட்டம் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மெட்டா காபியை ஊற்றினாள். "ரேடியோல கேட்டேன். நல்லாப் பேசுனே" என்றாள். அன்று அவங்க என்றவள், இன்று நீ என்றாள். "ஆனா பாதிதானே சொன்னே?"

வால்போர்க் தலை குனிந்தாள்.

"மொத தடவை நல்லாத்தான் குதிச்சேன். தண்ணிக்குள்ள போகும்போதே நமக்குத் தெரிஞ்சிடும். இன்னொரு தடவைன்னு யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேன்."

"என் காலு உன் காலு மாதிரி அழகா இல்லேன்னு இடுப்ப ஒடச்சுட்டே." சொல்லிவிட்டு மெட்டா சிரித்தாள். மருத்துவமனையில் பார்த்த அதே சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "நான் அந்தப் படத்த இன்னும் பாக்கல. பாக்க மனசு வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ரெண்டாவது குதியாவது நல்லா வந்திருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. அது இரக்கமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் இரக்கம் என்று பெயர் வைத்து இவளிடமும் ஒளிந்துகொள்ளப் போகிறோம் என்று வால்போர்க்குக்குத் தோன்றியது.

"படத்துல இருக்குறது மொதக் குதி, மெட்டா. ரெண்டாவத வெட்டிப் போட்டுட்டாங்க. மொதலாவதுல ஒரு குறையும் இல்ல. காலு விரியவே இல்ல. நான் அத அரங்குல பாத்தேன்."

மெட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். காபியின் மேல் ஆடை படிந்தது.

"இப்பப் போயிடு" என்றாள் கடைசியில்.

அந்த வாரமே வால்போர்க் மீதிப் பாதியையும் எழுதி, தன்னைப் பாராட்டிய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். ஆசிரியர் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார். வாசகர்கள் அவளை மன்னித்துவிட்டார்கள், தேவையில்லாமல் தன்னையே ஏன் வதைத்துக்கொள்கிறாள் என்று கேட்டார். கடிதம் அச்சாகவில்லை. வேறு இரண்டு இடங்களுக்கு அனுப்பினாள், பதிலே இல்லை. ஊருக்கு அவளுடைய முதல் பாதியே போதுமாயிருந்தது.

நாலு வருடம் கழித்து ஜெர்மன்காரர்கள் நாட்டுக்குள் வந்தார்கள். நிலக்கரி அற்றுப்போன குளிர்காலங்கள். எரிக்க, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கறுப்பு மண்கட்டிதான் கிடைத்தது. ஓவே அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட வால்போர்க் ஒரு ஞாயிறு அமாகருக்குப் போனாள். மெட்டா கதவைத் திறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கீழ நிலவறையில மண்கட்டி மூட்ட இருக்கு. என்னால அதத் தூக்கிட்டுப் படி ஏற முடியாது" என்றாள்.

வால்போர்க் இறங்கிப் போய் மூட்டையைச் சுமந்து வந்தாள். ஐம்பது வயது. இரண்டு தடவை வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். அடுத்த ஞாயிறும் போனாள். மெட்டா சில நாள் காபி கொடுத்தாள், சில நாள் கொடுக்கவில்லை. மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. வால்போர்க்கும் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு, கறுத்துப்போன நகங்களோடு டிராம் பிடித்து வீட்டுக்குப் போவாள்.