இரண்டு கையும் தூக்கினால் வணக்கம்

நாமக்கல் தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், போலீசைத் திருத்துவதற்கென்று சர்க்கார் ஒரு முறை முயன்று பார்த்தது. அந்த முயற்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பங்கு அல்ல. அதனால்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இப்போது நான் பென்ஷன் வாங்குகிறேன். அன்றைய தாசில்தார் காலமாகிவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் கடைசியில் என்ன ஆனார் என்று தெரியாது. சௌக்கியமாகத்தான் இருந்திருப்பார். அவர் மாதிரி ஆட்களுக்குச் சௌக்கியத்தில் குறை வந்து நான் பார்த்ததில்லை.

முப்பதுகளின் கடைசி. வெள்ளைக்கார கவர்னர் மேலே உட்கார்ந்திருக்க, அவருக்குக் கீழே சென்னையில் நம்மவர்கள் மந்திரிகளாகியிருந்தார்கள். அவர்களில் சிலர் சில வருஷங்களுக்கு முன்புதான் போலீஸ் தடியால் அடி வாங்கியவர்கள். வலி மறந்துபோவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படி அடி வாங்கிய சட்டசபை மெம்பர் ஒருவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். போலீஸ்காரர் ஒருவரை அடித்தார் என்று புகார் வந்தால் அதைப் போலீசே விசாரிக்கக் கூடாது, வேறு இலாகா அதிகாரி விசாரிக்க வேண்டும். குற்றம் ருசுவாகாத ஆளின் பெயரை ஸ்டேஷனில் சந்தேகப் பேர்வழிகளைப் பதிந்து வைக்கும் கேடி புத்தகத்திலிருந்து நீக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். இதில் மறுப்புச் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. எனக்கு வயது குறைவு.

மந்திரிகள் மசோதாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு காரியத்தை மரியாதை கெடாமல் ஆறப்போட இதைவிட நல்ல வழி கிடையாது. காகிதம் சென்னையிலிருந்து சேலம் கலெக்டருக்கு வந்தது. அவர் தாசில்தாருக்கு அனுப்பினார். தாசில்தார் என் மேஜையில் போட்டார். எனக்குக் கீழே மேஜை இல்லாததால் அங்கேயே நின்றது.

சில கிராமங்களைப் பொறுக்கி எடுத்துக் கூட்டம் போட வேண்டும். போலீஸ் மேல் குறை உள்ளவர்களைக் கை தூக்கச் சொல்ல வேண்டும். தூக்கியவர்களின் பெயர் ஒரு கட்டத்தில், மற்றவர்கள் 'குறை இல்லை' என்ற கட்டத்தில். குறை சொன்னவர்களைச் சேலத்திலிருந்து ஒரு டெபுடி கலெக்டர் வந்து மாதிரிக்கு விசாரிப்பார்; நியாயம் இருந்தால் கேடி புத்தகத்திலிருந்து பெயரை எடுக்கச் சொல்வார். உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது: கூட்டத்தில் கலவரம் நேராமல் பார்த்துக்கொள்ள அந்தந்த ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் கூடவே இருக்க வேண்டும். பூனையைப் பற்றி எலிகளிடம் கருத்துக் கேட்பதற்குப் பூனையையே காவல் போட்ட அந்த மூளை யாருடையது என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதல் கூட்டம் நாமக்கல்லுக்கு வடக்கே வானம் பார்த்த ஒரு மேட்டாங்காட்டுக் கிராமத்தில் நடந்தது. தாசில்தார் எழுந்து, "போலீஸ் மேல் குறை உள்ளவர்கள் கை தூக்கலாம்" என்றார். ஊரே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியது. தாசில்தாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஊர் முழுக்கக் குறை, அதுவும் ஆளுக்கு இரண்டு கை என்று சேலத்துக்கு எழுதினால் அவருடைய பிரமோஷன் என்ன ஆவது! விஷயம் வேறொன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அதிகாரி எழுந்து நின்றால், அவர் என்ன பேசுகிறார் என்று காதில் விழுவதற்கு முன்பே ஜனங்கள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிடுவார்கள். தாத்தன் காலத்துப் பழக்கம்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். தாசில்தார் காதருகே குனிந்து, "வலது கையை மட்டும் தூக்கினால் குறை, இரண்டு கையும் மேலே போனால் வணக்கம். சர்க்காருக்கு வணக்கம் சொன்னவருக்குக் குறை இல்லை என்றுதானே அர்த்தம்?" என்றேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுநாளே அதை விதியாக எழுதி, கையெழுத்துப் போட்டு, கலெக்டருக்கு அனுப்பினார். கலெக்டருக்கும் பிடித்துப்போய், வாழப்பாடி, கெங்கவல்லி வரைக்கும் அதே விதிப்படி நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். நான் எழுதிய வாக்கியம் ஜில்லா முழுக்கப் போனது அது ஒன்றுதான். நான் வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

இரண்டாவது கூட்டம் மோகனூர்ப் பக்கம், காவிரிக் கரையில். அதற்கு நாலு நாள் முன்பு அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த விவசாயி, ஐம்பதை நெருங்கும் வயது. வலது கை மணிக்கட்டுக்கு மேலே கோணலாகக் கூடிப்போயிருந்தது. தோள்பட்டையும் சரியில்லை, கை தொங்கியபடியே கிடந்தது.

அவர் கதையைக் கேட்டால் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரரின் ஜோடி எருது ஒரு நாள் காணாமல் போய்விட்டது. சந்தேகத்தின் பேரில் இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் அடித்தார்; வலது கை உடைந்தது அப்போதுதான். மூன்றாம் நாள், எருதுகளை வாழப்பாடிச் சந்தையில் விற்றுவிட்டதாக இவர் ஒப்புக்கொண்டார். வாழப்பாடியை இவர் கண்ணால் கண்டது கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்ததும் ஸ்டேஷன்தான். நாலாம் நாள் காலையில் எருதுகள் ஆற்றுப் படுகையில் மேய்ந்துவிட்டுத் தாமாகவே வீடு வந்து சேர்ந்தன. தாங்கள் விற்கப்பட்ட சேதி அவற்றுக்குத் தெரியாது. கேஸ் நிற்கவில்லை. ஆனால் எழுதி வாங்கிய வாக்குமூலம் ஸ்டேஷனில் பத்திரமாக இருந்தது. இவர் பெயரும் கேடி புத்தகத்தில் ஏறிவிட்டது. அதன் பிறகு சுற்று வட்டாரத்தில் ஒரு கோழி காணாமல் போனாலும் கான்ஸ்டபிள் முதலில் வந்து நிற்பது இவர் வாசலில்தான்.

"கொடி கட்டறதுக்கு ரெண்டு கையும் வேணுமுங்க சாமி. ஒரு கை கொடியப் புடிக்கோணும், ஒரு கை கோரை சுத்தோணும். இப்பக் கூலிக்கு ஆள் வெச்சுத்தான் கட்டறனுங்க. அது போச்சு, உடுங்க. ஊட்டு வாசல்ல போலீசு வந்து நிக்கறதுதான் பொறுக்க முடியலீங்க. அந்தப் பொஸ்தகத்துல இருந்து எம் பேர எடுத்துருவாங்களா?"

"எடுப்பாங்க. கூட்டத்துல கை தூக்குங்க, நான் எழுதிக்கறேன். மிச்சத்தைச் சேலத்து ஆபீசர் வந்து பார்த்துக்குவாரு" என்றேன்.

"தைரியமாத் தூக்கலாமுங்களா?"

"தைரியமாத் தூக்குங்க."

எதிரே தொங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னேன். என் விதி எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. எழுதியவனுக்கு விதி எழுத்தாகத்தான் தெரியும். கை அவனுக்குச் சரியாக இருக்கிறது அல்லவா?

கூட்டத்தன்று சாவடிக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். தாசில்தாருக்குப் பெஞ்சு. இளநீரும் முதலில் சப்-இன்ஸ்பெக்டருக்கே போனது. அபிப்பிராயம் கேட்கும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடிக்கால்காரர் முதல் வரிசையில், துவைத்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவரை அடித்த அதே சப்-இன்ஸ்பெக்டர் பத்தடி தூரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தாசில்தார் மசோதாவை இங்கிலீஷில் ஒரு தரம் வாசித்தார். யாருக்கும் புரியவில்லை என்று கண்டு, சப்-இன்ஸ்பெக்டரே எழுந்து ஜனங்களுக்கு விளக்கினார்.

"போலீஸ் மேல யாருக்காவது மனக்குறை இருக்குதான்னு சர்க்கார் கேக்குது. பயப்படாம கையைத் தூக்குங்க. யார் யாருன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

என் விதியையும் சொன்னார்கள். வலது கை என்றால் குறை, இரண்டு கை என்றால் வணக்கம். ஊர் அசையவில்லை. ஒரே ஒரு கை மேலே வந்தது. கொடிக்கால்காரரின் இடது கை.

மணியக்காரர் பதறிப்போனார். "ஏனப்பா, பெரியவிய உக்காந்திருக்கற சபையில இடங்கையத் தூக்கறயே? ஊருக்கு மருவாதி வேண்டாமா?"

"வலங்கை ஏறாதுங்க சாமி."

தாசில்தார் என்னைப் பார்த்தார். "ரூல் என்ன சொல்லுது?"

வாயைத் திறந்து, இந்த ஆளுக்கு வலது கை தூக்க வராது, வராமல் செய்தவர் அந்த நாற்காலியில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப் போனால் என்னைத் தர்மபுரிக்கு மாற்றியிருப்பார்கள். நான், "வலது கைதானுங்க கணக்கு" என்றேன்.

"நாங்க ஒண்ணும் தடுக்கலையே. வலது கையைத் தூக்கட்டும், சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், ரொம்பவும் பெருந்தன்மையாக.

கொடிக்கால்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அதைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்கினார். நெற்றியில் வேர்த்துவிட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சாட்சி சொல்ல முடியும்?

தாசில்தார் அந்தக் கைகளைப் பார்த்தார், சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், கடைசியில் என் காகிதத்தைப் பார்த்தார். "ரெண்டு கையும் மேலே போயிருக்கு. வணக்கம்னு எழுதிக்கோ" என்றார், என் காதுக்கு மட்டும்.

எழுதிக்கொண்டேன். 'குறை இல்லை' கட்டத்தில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில், 'எழுந்து நின்று சர்க்காருக்கு வணக்கம் தெரிவித்தார்' என்றும் சேர்த்தேன். அந்தக் கடைசி வரியை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக வந்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

எல்லாக் கிராமத்திலிருந்தும் காகிதங்கள் சேலம் போய், அங்கிருந்து சென்னை போயின. இந்த ஜில்லாவின் ஜனங்கள் போலீசிடம் பரம திருப்தியோடு இருப்பதாகத் தொகுத்து எழுதினார்கள். பிறகு சீமையில் யுத்தம் வந்தது. மந்திரிகள் ராஜிநாமா செய்துவிட்டுப் போனார்கள். மசோதா எந்த அலமாரியில் கிடந்து செல்லரித்ததோ தெரியாது. சப்-இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டர் ஆனார். தாசில்தாருக்கும் பிரமோஷன் வந்தது. நியாயமாகப் பார்த்தால் எனக்கும் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த தை மாதத்தில் கொடிக்கால்காரர் மறுபடியும் ஆபீசுக்கு வந்தார். பக்கத்து ஊர்க் கோயிலில் ஒரு வெண்கல மணி காணாமல் போயிருந்தது. வழக்கம்போல இவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"அன்னைக்கு எழுதுனீங்களே சாமி, அந்தக் காயிதத்துல ஒரு நகல் குடுத்தீங்கன்னா, கொண்டுபோயிக் காட்டிப்போட்டு வாரேனுங்க. சர்க்கார் காயிதம் பாத்தா உட்டுருவாங்கல்லங்க?"

நான் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நகல் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாலாவது பாவம் குறைந்திருக்கும். கேட்டவருக்கு நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான்தான் விதிக்காரன் ஆயிற்றே! ஒரு எழுத்துப் பிசகாமல் நகல் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது இடது கையால் வலது கையைத் தூக்கி எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

எட்டு நாள் கழித்து வந்தார். மேல் உதடு கிழிந்து காய்ந்திருந்தது. என் மேஜைக்கு எதிரே நின்று மடியிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"படிச்சுக் காட்டுனாங்க சாமி. போலீசு ஒண்ணுமே பண்ணலீன்னு நானே ஒத்துக்கிட்டதா இருக்குதாமா. கைய உடைச்சீங்கன்னு இனி எங்கயும் பேசப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. உங்க கையெழுத்துத்தானுங்களா இது?"

"ஆமாங்க" என்றேன். அதுதான் இந்த விஷயத்தில் நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை.

அவர் காகிதத்தை என் மேஜை மேல் வைத்து, இடது கையால் மடிப்பை நீவிவிட்டார். "நீங்களே வெச்சுக்குங்க" என்றார். சாமி என்று சொல்லவில்லை. திரும்பி நடந்தார். தாலுகா ஆபீஸ் படியை விட்டு இறங்கும் எந்த ஆளும் வாசலில் ஒரு தரம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர் நிற்கவில்லை. இரண்டு கையும் கீழேயே தொங்க, தெருவில் இறங்கிப் போய்விட்டார்.