மூடி வந்த தட்டு

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு என் வயிற்றில் பிறந்தது, ஒன்று அப்படி இல்லை. ஐந்தும் இருக்கின்றன, ஐந்தும் என்னைப் பார்க்க வருகின்றன. கோயில் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தேன், அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருக்கும். சொல்வது கோணலாக இருக்காது.

பாம்பன் தீவில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. எல்லாம் வேதக்கார வீடுகள், எல்லாம் கடலுக்குப் போகிற வீடுகள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. பலகாரம் சுட்டதும் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீடுகளுக்குத் தட்டு போகும். தட்டின்மேல் ஒரு பூ இருக்கும். வாங்கிய வீட்டார் தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, ஒரு பிடி சீனியாவது போட வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் வெள்ளை அடிப்பதில்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அந்த வீட்டுக்குப் போகிற தட்டில் பூ இருக்காது, வெள்ளைத் துணி மூடிப் போகும். அவர்கள் தட்டை வெறுந்தட்டாகத்தான் திருப்பித் தருவார்கள். எந்த வீட்டில் என்ன என்று யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. தட்டைப் பார்த்தால் போதும்.

தனுஷ்கோடிப் புயலுக்கு ஒன்பது வருஷம் முந்தி, மாசி மாதம், என் வீட்டுக்காரர் இலங்கையில் மன்னார்ப் பக்கம், மீன் பிடித்துக் காயவைக்கிற வாடிக்குப் போனார். வருஷா வருஷம் போகிறவர்தான். ஈஸ்டர் பாஸ்கு முடிந்ததும் வந்துவிடுவார். அந்த வருஷம் கூடப் போனவர்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. வேறு வாடிக்கு மாறிவிட்டார் என்றார்கள். ஆடி மாதம் தலைமன்னார்ப் பக்கம் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. அதில் அவர் இருந்தார் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று ஒருவர் சொன்னார். பிணமும் வரவில்லை, காகிதமும் வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசைக்குப் போனேன். அந்த வருஷம் செத்தவர்கள் பேரை உபதேசியார் வரிசையாக வாசித்தார். ஆறாவதாக என் வீட்டுக்காரர் பேரை வாசித்தார். இடுப்பில் இருந்த கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, அது வீறிட்டு அழுதது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேர் கொடுத்தது என் மாமியார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"யாரக் கேட்டுப் பேர் குடுத்தீக மாமி?"

"எம் மகன் பேரக் குடுக்க நான் யாரக் கேக்கணும்?"

"பொணத்தப் பாத்தீகளா?"

"நீ உசுரோட பாத்தியா?"

மாமியார் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "இந்த வருசம் வெள்ள கெடையாது, சட்டி கெடையாது. பிள்ளைகள்ட்ட இப்பமே சொல்லி வை" என்றார்.

பேர் வாசித்தாகிவிட்டது. இனி கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் சட்டி வைக்காவிட்டால் தெரு முடிவு கட்டிவிடும். மூடிய தட்டு வரும். நான் வெறுந்தட்டைத் திருப்பித் தருவேன். அப்புறம் தாலி கழற்ற ஒரு நாள் குறித்தால் வேலை முடிந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூத்தவளுக்கு ஒன்பது.

கிறிஸ்துமஸுக்கு இருபது நாள் இருக்கையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் வாசலில் வைத்து ஊற்றினேன். தாழை விழுதை நசுக்கி மட்டை செய்து, கடற்கல் சுவரை அடிக்க ஆரம்பித்தேன். வாடை காலம். ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் மறுபக்கம் சாரல் கரைத்துவிடும். கை முழுக்கப் பொத்துப்போய், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பேன்.

உள்சுவருக்கு வந்தபோது மாமியார் செபமாலையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிங்க மாமி."

"அடிக்கிறதுன்னா என்னையும் சேத்து அடி."

"வேணாம். நீங்க இப்பிடியே இருங்க. நான் சுத்தி அடிச்சுக்கிறேன்."

சுற்றித்தான் அடித்தேன். அவர் தலைமேல் இரண்டு சொட்டு விழுந்தது, துடைக்கவில்லை. சாயங்காலம் அவர் எழுந்த பிறகு பார்த்தால், வெள்ளைச் சுவரில் ஒரு கிழவி உட்கார்ந்த அளவுக்குப் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. கிழக்கு வீட்டு மதினி நெருப்பு வாங்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, மாமிய மட்டும் சொவத்துல விட்டு வச்சுருக்க?" என்றாள். சிரிப்பு வந்தது எனக்கு. அந்த மாதத்தில் அந்த ஒரு தரம்தான்.

அந்த மதினிதான் எனக்குப் பேன் பார்ப்பவள். கவலையில் எனக்கு முடி கொத்துக் கொத்தாகப் போய்க்கொண்டிருந்தது. தீவில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சீயக்காய் எண்ணெயை எடுக்காது, தலை சிக்குப் பிடித்துவிடும். மாதக்கணக்கில் நான் தலையைக் கவனிக்கவே இல்லை. கிறிஸ்துமஸ் குளியலுக்கு என்று மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு மொண்டு, நாலு பானை நல்ல தண்ணீர் சேர்த்து மூடி வைத்தேன். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தலைக்கு வைத்தேன். கருவாடு நாறுகிற கைக்குப் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். குதிகால் வெடிப்பில் சுண்ணாம்பு இறங்கி எரிந்தது. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டை உருக்கி, வேப்பெண்ணெய் கலந்து அப்பினேன்.

மதினி பேன் சீப்பை இழுத்தபடி மெதுவாகக் கேட்டாள். "இம்புட்டு எண்ணெயும் யாருக்குத்தா?"

"எந்தலைக்கு."

"தல பாக்க ஆள் வேணும்ல?"

"நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க."

அவள் சீப்பைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முந்தி, மத்தியானம், சட்டி வைத்தேன். முறுக்கு முடிந்து அதிரசம் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வாசலில் மழை ஒழுகுவதை எண்ணிக்கொண்டிருந்தன. மாமியார் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சட்டிய எறக்கு."

"இந்த ஈட்ட எடுத்துட்டு எறக்குறேன்."

"அவன் சாகல."

"அதத்தான மாமி நானும் சொல்றேன்."

"நீ சொல்றது வேற. நாஞ் சொல்றது வேற." அவர் குரலைத் தாழ்த்தினார். "கீழக்கரை மொதலாளிக்குக் கருவாடு போடப் போனேன்ல, ஆவணியில? அவரு தோணி மன்னாருக்குப் போய் வந்துச்சு. அங்கன பேசாலை ஊர்ல இவனப் பாத்துருக்காரு. ஒருத்தியோட குடும்பமா இருக்கான். அவ மாசமா இருக்கா."

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆவணியிலயே தெரியுமா?"

"தெரியும். செத்தவம் பொண்டாட்டிக்கு ஊர்ல ஒரு மதிப்பு இருக்குத்தா. விட்டுட்டுப் போனவம் பொண்டாட்டிக்கு என்ன இருக்கு? நாளைக்கு உம் மகள யாரு கட்டுவா? உனக்காகத்தான் பெத்த மகன் பேரக் கொண்டுபோய் அந்த லிஸ்ட்டுல சேத்தேன். சட்டிய எறக்கு."

சட்டியில் இருந்த அதிரசம் கரிந்துவிட்டது. அதை எடுத்து வெளியே போட்டேன். மாமியார் சொன்னதில் பொய் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு, பெற்ற பிள்ளையைச் செத்தவனாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, என்னுடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அடுத்த ஈட்டைத் தட்டி எண்ணெயில் போட்டேன்.

ஏன் என்று கேட்டால், உயிரோடு இருக்கிறவரைச் சாகடித்து அந்த மதிப்பு எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அது பாதிதான். மீதி வீம்பு. இடித்து வைத்த மாவு வீணாகிவிடுமே என்பதும் கொஞ்சம் இருந்தது.

மறுநாள் காலையில் நல்ல தண்ணீரில் தலை குளித்தேன். நாலு பிள்ளைகளையும் குளிப்பாட்டினேன். டிசம்பர் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு பூ வைத்து, யார் வீட்டுத் தட்டும் கிளம்புவதற்கு முன்னால் நான் கிளம்பினேன். முதலில் மதினி வீடு. அடுப்படிப் பலகையில் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள். அதன்மேல் துவைத்து மடித்த வெள்ளைத் துணி இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்க வேண்டியதில்லை.

என் தட்டைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள்.

"காயிதம் வந்துச்சாத்தா?"

"காயிதம் வல்ல. ஆளு இருக்கு."

"இருந்தாச் சரி" என்றாள். முறுக்கை எடுத்துக்கொண்டு தட்டில் ஒரு பிடி சீனி போட்டுக் கொடுத்தாள். நான் திரும்பும்போது அந்தத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், ஏதோ கை துடைக்க எடுத்த மாதிரி.

ஏழு வீட்டுக்குப் போனேன். ஏழு வீட்டிலும் சீனி. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது பெரிதாக எதையோ ஜெயித்தேன் என்று தோன்றவில்லை. நான் சுட்டதில் ஒன்றைக்கூட நான் வாயில் வைக்கவில்லை. மாமியார் ஒரு முறுக்கை எடுத்து, பல் இல்லாத வாயில் ஊறவைத்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நான் மட்டையை எடுத்ததும் அவராகவே எழுந்து வெளியே போய்விடுவார். அப்படி ஐந்து கிறிஸ்துமஸ் போனது. நான் வெள்ளை அடித்தேன், சட்டி வைத்தேன், பூ வைத்தேன். எனக்கு அது சுமைதான். இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.

புயலுக்கு மூன்று வருஷம் முந்தி, டிசம்பர் பிறந்ததும், தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கிய, பேசாலையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாள் ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். குழந்தைக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை. தாய் போன வருஷம் செத்துப்போனாளாம். தகப்பன் ஐப்பசியில் காய்ச்சலில் கிடந்து, சாகும்போது எங்கள் தெருவையும் என் பேரையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, குழந்தையை விட்டுவிட்டுப் போனார். குழந்தையின் நெற்றி அப்படியே என் மூத்தவளுடைய நெற்றி.

மாமியார் அன்றைக்கு அழவில்லை. மறுநாள் என்னிடம், "ஏத்தா, எப்பவும்போலச் சுண்ணாம்பு வாங்கு" என்றார்.

"இந்த வருசம் இல்ல மாமி."

"அவனுக்கு ஆறு வருசம் முந்தியே பூச வச்சாச்சு. இப்ப நீ துக்கம் காத்தா, அம்புட்டு வருசமும் எங்கன இருந்தான்னு ஊரு கேக்கும். உன்ன விட்டுட்டுப் போனது தெரிஞ்சுபோகும். ஒரு மனுசன் எத்தன தரம் சாவான்?"

"ஒரு தரம்தான். அது இப்பத்தான்."

"யாருக்காக இது?"

நான் குழந்தையைப் பார்த்தேன். அது மூலையில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. மாமியாரும் பார்த்தார். பிறகு போய், முன்பு ஒரு தரம் உட்கார்ந்த அதே இடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, அன்றைக்குத்தான் அழுதார். உரக்க அழவில்லை.

நான் தாலியைக் கழற்றினேன். ஆள் கூட்டிச் செய்யவில்லை, நானே கழற்றினேன். ஊற்றில் பெண்கள் பேசியது காதில் விழத்தான் செய்தது. "செத்துட்டான்னப்பச் சுட்டா, இப்பச் சுட மாட்டேங்கிறா." "அந்தப் புள்ள எப்பிடி வந்துச்சாம்?" "மன்னார்லருந்து பார்சல்ல வந்துருக்கு." குடம் நிறைகிற வரைக்கும் நின்று, நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

துக்க வீட்டில் எண்ணெய்க் குளியல் இல்லை. ஆனால் அந்தத் தலை பார்க்கச் சகிக்கவில்லை. எண்ணெய் வைக்காமல், நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றி, பேன் சீப்பால் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். குழந்தை அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கிறிஸ்துமஸ் என்பதை அது நத்தார் என்றது.

"இஞ்ச நத்தாருக்குப் பலகாரம் சுடுறேல்லையோ?"

"சுடுவோம். இந்த வருசம் இல்ல."

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதினிதான் முதலில் வந்தாள். பூ இல்லை. தட்டை வெள்ளைத் துணி மூடியிருந்தது. அதே துணியா என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். பலகாரத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டுத் தட்டைக் கொடுக்கப் போனபோது, குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்தது.

"வெறுந்தட்டையோ திருப்பிக் குடுக்கிறது?"

"இந்த வருசம் அப்பிடித்தான்" என்றேன். "உங்க அய்யாவுக்காக."

அவரை அந்தக் குழந்தையின் அய்யா என்று என் வாயால் சொன்னது அப்போதுதான். சொல்லும்போது கசந்தது, பொய் சொல்ல மாட்டேன். மதினி வெறுந்தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தக் குழந்தைதான் நான் வளர்த்த ஐந்தாவது. பேத்தி, அவள்தான் உன் அம்மா. அவளுக்கு இதில் பாதி தெரியும். மீதியைக் கேட்கவும் மாட்டாள், எனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதினேன். என் கண்ணுக்கு என் எழுத்தே இப்போது தெரிவதில்லை. இங்கன வந்து உட்காரு ஆத்தா. முதலில் இருந்து மெதுவாக வாசி, உன் அம்மாவை எங்கேயாவது குறைத்து எழுதியிருக்கிறேனா என்று நான் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும்.