உடைந்த கண்ணாடியும் ஷேர் ஆட்டோக்காரரும்

என் கார் மிகவும் பழையது. ஒருநாள் காலை ஆவடி ஆட்டோ ஸ்டாண்ட் அருகே ஒரு ஷேர் ஆட்டோ என் காரின் இடது பக்கம் உரசுவதுபோல் வந்து நின்றது. பார்த்தால், அந்தப் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. அத்தனை பேர் முன்னால் அந்த டிரைவரைத் திட்டித் தீர்த்தேன். அவரோ பழைய உதிரிபாகக் கடைக்கு என்னை அழைத்துப்போய், இந்த மாடலுக்கான கண்ணாடியைத் தேடியெடுத்து, தன் செலவிலேயே மாட்டிக் கொடுத்தார்.

மாலையில் வீடு திரும்பினேன். எங்கள் கேட் ஓரத்தில் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன. காலையில் அவசரமாகக் காரை எடுத்தபோது இடித்தது நான்தான். இடது கண்ணாடியைப் பார்த்து ஓட்டும் பழக்கமே எனக்கு இல்லை.

மறுநாள் அதே ஸ்டாண்டுக்குப் போய், அந்த டிரைவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

"நேத்தே தெரியும் மேடம். நீங்க வர்றப்பவே அது தொங்கிகினுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாட்டிக் குடுத்தீங்க?"

"நீங்க கேக்குற நெலமைல இல்ல. கண்ணாடி இல்லாம இந்த டிராபிக்ல எப்டி ஓட்டிகினு போவீங்க?"

கண்ணாடிக்கான பணத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் பெஞ்சில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள், டீ வந்தது.

நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக நாலு பேர் முன் மன்னிப்புக் கேட்டேன். பயந்த அளவுக்கு அது கஷ்டமாக இல்லை.