எல்லாரும் மாமாதான்

கடலூர்தான் எனக்கு வெளிநாடு. பிறந்தது மஸ்கட்டில், பத்து வயதுவரை வளர்ந்ததும் அங்கேதான். அப்பாவுக்கு ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை கிடைப்பதற்குள் ஒரு வருடம் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவானபோது, வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கோ ஊரைவிட்டுப் போகிறோம். அதற்காக நான் அழுதேன் என்று நினைத்துவிட வேண்டாம். குஷியில் தலைகால் புரியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் அப்பாவின் வீட்டில் வந்து இறங்கினோம். வந்த மறுநாளே ஷேர் ஆட்டோ எனக்குப் பிடித்துப்போயிற்று. மஸ்கட்டில் காரின் கண்ணாடியை இறக்குவதற்கே அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டும். இங்கே கண்ணாடியே இல்லாத வண்டியில், பக்கத்து அம்மாளின் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் காற்று அடிக்க அடிக்கப் போகலாம். ஒருத்தரும் திட்ட மாட்டார்கள். இதைவிட்டு எதற்காக அங்கே போய் உட்கார்ந்திருந்தோம் என்று அப்பாவைக் கேட்டேன்.

ஒரே ஒரு சிக்கல்தான். யாரை என்னவென்று கூப்பிடுவது? மஸ்கட்டில் ஆண்பிள்ளை என்றால் அங்கிள், அதோடு தீர்ந்தது. இங்கே மளிகைக் கடைக்காரரை அங்கிள் என்றதும் கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவிடம் முறையிட்டேன்.

"இங்க அங்கிள்லாம் வேணாம். மாமான்னு கூப்பிடு."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான். யாரும் கோச்சிக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து வாய்க்கு வாய் மாமாதான். மளிகைக் கடை மாமா கையில் கொஞ்சம் முந்திரிப்பருப்பை அள்ளி வைத்தார். கண்டக்டர் மாமா ஜன்னலோர இடம் பிடித்துத் தந்தார். மீசை அரும்பாத ஒரு கல்லூரிப் பையனை "மாமா, கொஞ்சம் தள்ளுங்க" என்றேன். அவனுடைய கூட்டாளிகள் பஸ் நிலையம் வரும்வரை அவனை விடவில்லை. சிக்னலில் நின்ற போலீஸ்காரருக்கு ஆட்டோவிலிருந்து "வணக்கம் மாமா" சொன்னபோதுதான் கொஞ்சம் பிசகிவிட்டது. வண்டியே குபீரென்று சிரித்தது. அவர் என்னை முறைத்தார். பொடிசு என்று தெரிந்ததும் முறைப்பை ஓட்டுநர் பக்கம் திருப்பினார். போலீஸ்காரர்களை அந்தப் பெயர் சொல்லி ஊரே முதுகுக்குப் பின்னால் கேலி செய்யும் என்று மஸ்கட்காரிக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்துக்குப் போனோம். அங்கே அம்மாவின் கல்லூரித் தோழி இருந்தார்; நான் பெரியம்மா என்று கூப்பிட வேண்டியவர். அம்மாவுக்குச் சொந்த ஊரும் அதுதான். பஸ்ஸில் அம்மா என்னைவிடச் சின்னப் பெண்ணாகிவிட்டார். வழியெல்லாம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டும் வந்தார். தோழியைப் பார்க்க இத்தனை ஆனந்தமா என்று நான் அதிசயப்பட்டேன்.

விஷயம் அதுமட்டும் அல்ல. பெரியம்மா வீட்டுத் தெருக்கோடியில் ஒரு பாத்திரக் கடை. அதை வைத்திருந்தவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அம்மா சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண். அப்பா மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு அண்ணன் பேச்சை நிறுத்தியவர்தான். சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம். அவர் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று அம்மா கடல் தாண்டி வந்திருக்கிறார். இதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியம்மா அடுப்பில் வடைக்கு எண்ணெய் காய்கிறது என்பதுதான்.

அம்மா என்னைக் கூப்பிட்டு முகம் கழுவிவிட்டார். பவுடர் போட்டார். இரட்டைச் சடையை அவிழ்த்து மறுபடி பின்னினார். பிறகு, "கோடிக் கடையில போயி ஒரு கரண்டி வாங்கிட்டு வா" என்றார்.

"எங்கிட்ட இல்லாத கரண்டியாடி?" என்றார் பெரியம்மா.

"நீ சும்மா இரு."

பெரியம்மா ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தார். "சரி, அனுப்பு. சட்டியில இருந்தா அகப்பையில வரும்."

நான் பறந்தேன். "மாமா, ஒரு கரண்டி வேணும்."

கடைக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "என்ன கரண்டி? குழம்புக் கரண்டியா, ஜல்லிக்கரண்டியா?" என்றார். கரண்டியில் ஜாதி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கேட்டு வர ஓடினேன். அம்மா வாசல்படியிலேயே நின்றிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"என்ன கரண்டின்னு கேட்டாரு."

"எப்படி இருக்காரு?"

"கண்ணாடி போட்டிருக்காரு. தலை நரைச்சிருக்கு."

"நரைச்சிடுச்சா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்ட அம்மா, கரண்டியை மறந்தேபோனார். உள்ளேயிருந்து பெரியம்மாதான், "ஜல்லிக்கரண்டின்னு சொல்லு, வடை எடுக்கறதுக்கு" என்று குரல் கொடுத்தார்.

இரண்டாம் முறை போனபோது அவர் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு வூட்டுப் புள்ள நீ? இந்தத் தெருவுல பாத்ததில்லயே."

"அந்தப் பச்சை கேட் வீட்டுக்கு வந்திருக்கோம் மாமா. இப்ப கடலூரு. அதுக்கு முன்னாடி மஸ்கட்டு."

கொக்கியிலிருந்து கரண்டியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

"மஸ்கட்டா" என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னைய மாமான்னு கூப்பிடச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"அம்மாதான்."

எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடச் சொன்னார் என்று முழுசாகச் சொல்வதற்குள் அவர் கரண்டியோடு கடையைவிட்டு இறங்கிவிட்டார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. அவர் எட்டு வைத்த வேகத்துக்கு நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

வாசலில் அம்மா அசையாமல் நின்றார். கடை மாமா கரண்டியை நீட்டினார்.

"இதான கேட்ட?"

"இதாண்ணே" என்றார் அம்மா. வாங்கிக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்குப் பயமாகிவிட்டது. வேறு கரண்டியைக் கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது என்று, "வேணாம்னா மாத்திக்கலாம்மா, மாமா நல்லவருதான்" என்றேன். அம்மாவின் அழுகை இன்னும் ஜாஸ்தியானது.

அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வச்சிருக்க. கடையில கால வச்சதுமே மாமாங்குது. எனக்குன்னு ஒரு மொறை இருக்குன்னு நெனப்பு வச்சிருக்கியே, அது போதும்" என்றார்.

எனக்குத் தப்பு தப்பாகப் பேசினால் பிடிக்காது. மளிகைக் கடை, கண்டக்டர், போலீஸ்காரர் எல்லாரையும் சொல்லிவிட வேண்டும் என்று, "அப்படி இல்ல மாமா, அம்மா வந்து" என்று ஆரம்பித்தேன். பெரியம்மா எங்கிருந்துதான் வந்தாரோ, சட்டியிலிருந்து எடுத்த வடையை அப்படியே என் வாயில் திணித்துவிட்டார். நாக்கு பொத்துப்போனது. உண்மையைச் சொல்ல வந்த பிள்ளைக்கு இந்த ஊரில் எதற்காக இப்படி ஒரு தண்டனை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.